பச்சைச் சதுரம்

மார்ச் 3

கேமராக்காரிக்குத் தண்ணிக்காரி எழுதுவது.

உன் நம்பருக்குக் கூப்பிடக் கூடாது என்றுதான் சொன்னாய். கடிதம் போடக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே சண்டை அது பாட்டுக்கு இருக்கட்டும், இது தொழில் விஷயம். அண்ணன் பெண்டாட்டி எழுதுகிறாள் என்று நினைக்காதே. ஸ்டூடியோவுக்கு வந்த வாடிக்கைக்காரி என்று நினைத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் நீயே சரிபண்ணிக்கொள். இருக்கிறதை அழிப்பது உனக்குக் கைவந்த கலைதானே.

சரி, சரி, முகத்தைத் திருப்பாதே. விஷயத்துக்கு வருகிறேன்.

பண்ணையில் சிப்பி சாகிறது. இரண்டு மாதமாகக் கூடைக்கு ஏழெட்டு, வாயைப் பிளந்துகொண்டு, உள்ளே காலி. முகமூடி மாட்டி, காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு தண்ணிக்குள் இறங்கிக் கூடை கூடையாகச் சுரண்டிச் சுத்தம் செய்வது நானும் குண்டூசியும். (குண்டூசி என்னோடு இறங்குகிறவள். ஆளும் அப்படித்தான், தலை மட்டும் பெரிசு.) மேனேஜர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அதனால் அவர் பெயரே எங்களுக்கு விசில். போன வாரம் படகுத்துறையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு விசில் ஊதினார்.

"உன் கத்திதான்மா கொல்லுது. மேல ஒட்டியிருக்கிற கொட்டலச சுரண்டுறேன்னு சிப்பி வாயையும் சேர்த்துக் கீறி வெக்கிற. வயசாச்சு, கண்ணு தெரியல. ஏப்ரலோட தண்ணிய மறந்துடு. கொட்டகையில உக்காந்து சிப்பி ரகம் பிரி."

எனக்கா கண் தெரியவில்லை? தூரத்துப் படகில் வருகிறவன் சட்டையில் எத்தனை பித்தான் என்று எண்ணிச் சொல்வேன்.

கொல்வது என் கத்தி இல்லை, ஒரு புழு. நகம் அகலம், ஈரக் காகிதம் மாதிரி மெல்லிசு. சிப்பி லேசாக வாய் திறக்கும்போது இடுக்கில் நழுவி உள்ளே போய்விடுகிறது. குண்டூசி கண்ணால் பார்த்தாள், நான் விரலால் தொட்டேன். கூடையை மேலே தூக்கினால் வழுக்கிக்கொண்டு விழுந்துவிடும். பாட்டிலில் பிடித்து மீன்துறை ஆபீசுக்குக் கொண்டுபோனால் போய்ச் சேர்வதற்குள் பசையாகக் கரைந்துவிட்டது. "தண்ணிக்குள்ளயே தெளிவா ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க, என்ன ஏதுன்னு சொல்றோம்" என்றார்கள்.

உங்கண்ணன் படகின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்க வைத்திருந்தாரே, சட்டைப்பை அளவு கேமரா, தண்ணி புகாத பெட்டியோடு. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு இறங்கி நாற்பது படம் எடுத்தேன். குண்டூசியிடம் கொடுத்தால் அவள் விரல்தான் படத்தில் வருகிறது. மெமரி கார்டை இதோடு வைத்திருக்கிறேன். என்ன தப்பு என்று எழுது. திட்டுவதானாலும் எழுத்தில் திட்டு, எனக்குத் திருப்பித் திருப்பிப் படிக்க வசதி.

உன் அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

கார்டை வெறும் உறையில் போட்டு அனுப்பாதீர்கள். அட்டைக்கு நடுவில் வைத்து ஒட்டி அனுப்புங்கள். தொழில் விஷயம் என்று எழுதியதால் பதில் எழுதுகிறேன்.

படங்களைப் பார்த்தேன். பனிமூட்டத்தில் யாரோ வெள்ளைப் பொடி தூவியதுபோல் இருக்கிறது. புழு எது, கயிறு எது என்று எனக்குத் தெரியவில்லை. தள்ளி நின்றுகொண்டு ஜூம் போட்டு இழுத்திருக்கிறீர்கள். இந்த மாதிரிச் சின்னக் கேமரா, ஜூம் போட்டால் கிட்டத்தில் இருப்பதைப் பிடிக்காது. ஜூமை முழுக்கப் பின்னுக்குக் கொண்டுவந்து, பூப் படம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டு, நீங்கள் கிட்டப் போங்கள். நாலு விரல் தூரம். அந்த வெள்ளைப் பொடி தண்ணீரில் மிதக்கும் தூசு. ஃப்ளாஷ் வெளிச்சம் அதன்மேல் பட்டுத் திரும்புகிறது. கேமராவுக்கும் புழுவுக்கும் நடுவில் தண்ணீர் குறைந்தால் தூசும் குறையும்.

கிட்டப் போனதும் வேறு தொல்லை வரும். பெட்டியில் லென்ஸுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு ஃப்ளாஷை மறைத்து, படத்தின் பாதி கறுத்துப்போகும். காலியான வெள்ளை பிளாஸ்டிக் கேனில் உள்ளங்கை அளவு வெட்டி, மூக்கு நுழைய ஒரு ஓட்டை போட்டு, ஃப்ளாஷுக்கு முன்னால் வரும்படி மாட்டுங்கள். வெளிச்சம் பரவி விழும்.

பொத்தானைப் பாதி அழுத்தினால் திரை நடுவில் சின்னச் சதுரம் வரும். சிவப்பாக இருந்தால் எடுக்காதீர்கள். பச்சையானதும் அப்படியே பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டு உடம்பு அடங்கியதும் மீதியை அழுத்துங்கள். மேலிருந்து எடுக்க வேண்டாம். புழுவின் மட்டத்துக்கு இறங்கித் தலைப் பக்கமிருந்து எடுங்கள். எந்த உயிராக இருந்தாலும் கண் கூர்மையாக விழுந்தால்தான் அடையாளம் சொல்ல முடியும்.

உங்கள் முதல் பத்தியின் கடைசி வரிக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

பி.கு. அண்ணன் படம் சுவரில் இருக்கிறதா, இறக்கிவிட்டீர்களா?


மார்ச் 19

கேமராக்காரிக்கு,

நீ எழுதியதை எழுத்துக்கு எழுத்து செய்தேன். துணி வெளுக்கும் கேனை வெட்டி மாட்டியதும் கேமரா பல்வலி வந்து தாடையைக் கட்டிக்கொண்ட ஆள் மாதிரி ஆகிவிட்டது. குண்டூசி சிரித்த சிரிப்பில் தண்ணி கலங்கி, அது தெளியப் பத்து நிமிஷம் ஆனது. நாலு விரல் தூரம் என்றாய். போனேன். இன்னும் கிட்டப் போனால் புழுவும் நானும் முத்தம் கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெள்ளைப் பொடி போய்விட்டது என்று குண்டூசி சொல்கிறாள். கறுப்பும் இல்லையாம். ஆனால் புழு மட்டும் இன்னும் மசமசவென்று இருக்கிறதாம். எனக்குத் திரையில் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரிகிறது. அப்புறம், சதுரம் என்று ஏதோ எழுதியிருந்தாயே, அப்படி ஒன்றும் வரவில்லை. உங்கண்ணன் கேமராவில் அந்த வசதி கிடையாது போலிருக்கிறது. வாங்கும்போதே ஏமாந்திருப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மட்டும்தான் மனுஷர் ஏமாறவில்லை.

விசில் நேற்று கொட்டகையில் எனக்கென்று ஒரு முக்காலி போட்டுவைத்திருக்கிறார். கால் ஆடுகிற முக்காலி. இந்தத் தடவை கார்டு அட்டைக்குள் இருக்கிறது, பார்த்துக்கொள். ஏப்ரலுக்கு அதிக நாள் இல்லை.

உன் அண்ணி


மார்ச் 26

அண்ணிக்கு,

அந்தக் கேமராவில் சதுரம் உண்டு. வாங்கும்போது பார்த்துச் சொன்னதே நான்தான்.

இந்தத் தடவை வந்த அறுபத்தைந்து படத்தையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு ஜாண் பின்னால் இருக்கும் கயிறு நார் நாராகத் தெளிவாக இருக்கிறது. முன்னால் புழு கலங்கியிருக்கிறது. கேமரா ஒழுங்காக வேலை செய்கிறது. சதுரம் கயிற்றின்மேல் விழுந்திருக்கிறது, அது உங்களுக்குத் தெரியவில்லை. அறுபத்தைந்து தடவையும் தெரியவில்லை.

போன கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒன்று கேட்டிருந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்தில் எழுத்து சிறுத்துவிட்டது. அதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை. கிண்டலாகக்கூட ஒரு வார்த்தை இல்லை. கிண்டல் செய்யக் கிடைத்ததை நீங்கள் விட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் எழுத்தும் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கிறது.

புழுவைத் தொட்டேன் என்று எழுதினீர்கள். பார்த்தேன் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை.

அண்ணி, உங்களுக்குத் தூரம் தெரிகிறது. கிட்டத்தில் தெரியவில்லை. நாற்பது தாண்டினால் வருகிற சாதாரண விஷயம். எனக்கும் இருக்கிறது, நான் கண்ணாடி போட்டிருக்கிறேன்.


ஏப்ரல் 1

கேமரா எப்படிப் பிடிப்பது என்றுதான் கேட்டேன். கண் டாக்டர் வேலை பார்க்கச் சொல்லவில்லை.

விசில் எல்லோர் முன்னாலும் சொன்னதை நீ நாலு பக்கத்தில் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். கண்ணாடி போட்டவர்கள் தண்ணிக்குள் இறங்கக் கூடாது என்பது இந்தப் பண்ணைப் பழக்கம். போன வருஷம் ஒருத்தி மருந்துச் சீட்டைக் கையை நீட்டிப் படித்தாள் என்று மறுநாளே கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக என் விரல்தான் எனக்குக் கண். கொட்டலசு எது, சிப்பி உதடு எது என்று அதற்குத் தெரியும்.

நான் ஓயாமல் வாயாடுகிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். உங்கண்ணன் போன பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு ஒரு இடம் வேண்டியிருக்கிறது. அது கீழேதான் இருக்கிறது. அங்கே யாரும் என்னைச் சிரிக்கவைக்கச் சொல்லிக் கேட்கமாட்டார்கள். அதைத்தான் விசில் பிடுங்கப் பார்க்கிறார்.

உன் பழைய கடிதத்தை வெயிலில் கொண்டுபோய், கையை நீட்டிப் பிடித்து, அந்தப் பொடி வரியைப் படித்தேன். கை போதவில்லை, குண்டூசி அந்தப் பக்கம் நின்று பிடித்தாள். படத்தை இறக்கவில்லை. சுவரில்தான் இருக்கிறது.


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

யாரிடமும் சொல்லமாட்டேன். சொல்வதற்கு இங்கே ஆளும் இல்லை.

பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரரிடம் விசாரித்தேன். ரப்பர் போல வளைகிற, பிறை வடிவ லென்ஸ் துண்டுகள் இருக்கின்றன. தண்ணீர் தொட்டு முகமூடிக் கண்ணாடியின் உள்பக்கம், கீழ்ப்பாதியில் ஒட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும். நேரே பார்த்தால் தூரம் தெரியும், கீழே பார்த்தால் கிட்டம் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒட்டியிருப்பதே தெரியாது. மூன்று அளவில் மூன்று ஜோடி வைத்திருக்கிறேன். முதலில் கரையில் ஒவ்வொன்றாகக் கண்ணருகே பிடித்து, இந்தக் கடிதத்தின் கடைசி வரியைப் படியுங்கள். எதில் சுலபமாகப் படிக்க முடிகிறதோ அதை ஒட்டுங்கள்.

டார்ச்சைப் பக்கவாட்டில் குண்டூசியைப் பிடிக்கச் சொல்லுங்கள். சதுரத்துக்கு வெளிச்சம் வேண்டும். துரத்தாதீர்கள். வாய் திறந்திருக்கும் ஒரு சிப்பியின் பக்கத்தில் காத்திருங்கள், புழு தானாக வரும்.

பி.கு. வீம்பு எங்கள் வீட்டுச் சொத்து, உங்களுக்கு எப்போது பங்கு எழுதிக்கொடுத்தோம்?


ஏப்ரல் 15

கேமராக்காரிக்கு,

கல்யாணத்தன்றே எழுதிக்கொடுத்துவிட்டீர்கள். நடு ஜோடியில் படித்தேன், ஒரு எழுத்து விடவில்லை.

ஒட்டிக்கொண்டு இறங்கினேன். முதலில் பார்த்தது புழுவை இல்லை, என் கையை. இது யார் கை என்று ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன். முட்டி முட்டியாக, கோடு கோடாக, ஒரு கிழவி கை. கீழே அழக்கூட முடியாது, முகமூடியில் தண்ணி ஏறும். சிரித்தேன், அப்போதும் ஏறியது.

மூன்றாவது வரிசைக் கயிற்றில் ஒரு சிப்பி லேசாக வாய் திறந்து நின்றது. நானும் அதன் எதிரே, கால் துடுப்பை ஆட்டாமல், கூடையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு. இருபது நிமிஷம். குண்டூசி கண்ணாலேயே "போலாமா, போலாமா" என்று கெஞ்சினாள். அப்புறம் வந்தான் மாப்பிள்ளை. ஓட்டின் மேலே சேலை வழுக்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தான். தலையில் கண் ஒன்று இரண்டு இல்லை, மிளகைப் பொடித்துத் தூவிய மாதிரி ஒரு கூட்டம். என் கண்ணால் பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள்.

பாதி அழுத்தினேன். சதுரம் வந்தது! சிவப்பு. ஒரு விரல்கடை பின்னால் வந்தேன். பச்சை. மூச்சை விட்டேன். நீ சொன்ன இத்தனூண்டு சதுரத்துக்காகத்தான் இவ்வளவு ரகளையா? எத்தனை எடுத்தேன் என்று எண்ணவில்லை. கார்டு அட்டைக்குள் இருக்கிறது. சீக்கிரம் போட்டு அனுப்பு. முப்பதாம் தேதி முக்காலி காத்திருக்கிறது.

உன் அண்ணி


ஏப்ரல் 20

அண்ணிக்கு,

பதினேழாவது படம். புழுவின் தலை பாதி உள்ளே போயிருக்கிறது, கண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணுகிற அளவுக்குத் தெளிவு. ஸ்டூடியோவில் இருபது வருஷம் படம் எடுத்த நான் இப்படி ஒன்று எடுத்ததில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் யாரும் இருபது நிமிஷம் வாய் திறந்துகொண்டு நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதே படத்தில் சிப்பியின் உதட்டில், வலது ஓரத்தில், நேர்கோடாக ஒரு கீறல் இருக்கிறது. புழு அப்படிக் கீறாது. கத்திதான். மேனேஜர் படத்தைப் பார்த்தால் அதையும் பார்ப்பார். மற்றப் படங்களில் கீறல் தெரியவில்லை, ஆனால் அவற்றில் கண் கூர்மையாக இல்லை. மீன்துறைக்கு இதுதான் வேண்டும்.

அந்தக் கீறலை அழிக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும். ஒருவருக்கும் தெரியாது.

சுவரில் மாட்டிய படத்தில் அண்ணனின் புருவத் தழும்பை எடுக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கப்பல் கொக்கி கிழித்த காயம், போன பிறகாவது அது இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் எடுத்தேன். நீங்கள் எல்லோர் முன்னாலும் "படம் நல்லாத்தான் இருக்கு, இவரு யாரு? எனக்குப் புது மாப்பிள்ளையா?" என்று கேட்டீர்கள். வீடு முழுக்கச் சிரித்தது. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன், அது உங்களுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நான் யாரையும் கேட்காமல் அழித்தேன். இன்றைக்குக் கேட்கிறேன். அழிக்கட்டுமா? இப்போதைக்கு இருக்கிறபடியே இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன். வேண்டாமென்றால் அதைக் காட்டாதீர்கள். எழுதுங்கள், மாற்றி அனுப்புகிறேன்.


ஏப்ரல் 29

கேமராக்காரிக்கு,

அழிக்காதே. உன்னைக் கேட்டுக்கொண்டிருக்க நாளும் இல்லை, நேரே கொண்டுபோய்க் காட்டிவிட்டேன்.

விசில் படத்தைக் கையில் வாங்கினார். கையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். அதற்குமேல் நீட்டினால் படம் கடலில் விழும். எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் மேசைக்குள்ளிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"புழு இருக்குது. சரி. இது என்னம்மா, ஓரத்துல?"

"கத்தி."

"யாரு கத்தி?"

"என் கத்திதான் சார். ஒரு மாசத்துக்கு முன்னாடி போட்டிருப்பேன். அப்போ கிட்டத்துல கண்ணு தெரியல, விரலால தடவித்தான் சுரண்டினேன். கீறினது நான். ஆனா பாருங்க, கீறல் ஓரத்துல புது ஓடு வளர்ந்திருக்கு. அந்தச் சிப்பி நான் கீறியும் சாகல. இவன் உள்ள போனப்புறம்தான் செத்துச்சு."

"அப்போ கண்ணு தெரியலங்கிறத ஒத்துக்கிற."

"தெரியல சார், இப்போ தெரியுது." முகமூடியை நீட்டினேன். "போட்டுப் பாருங்க. உங்க விசில்ல ஏதோ பொடி எழுத்து இருக்கே, என்னன்னு படிங்க."

போட்டுக்கொண்டார். விசிலைக் கீழே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். படித்தாரா இல்லையா என்று சொல்லவில்லை. முகமூடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நாளைக்குப் பத்துக் கூடை சுரண்டு. நானே பாக்குறேன். ஒரு கீறல் இருந்தாலும் கொட்டகைதான்" என்றார்.

மறுநாள் பத்துக் கூடையையும் கரையில் பரப்பிப் பூதக்கண்ணாடியோடு தவழ்ந்து தவழ்ந்து பார்த்தார். கீறல் இல்லை. முக்காலியில் இப்போது குண்டூசியின் ஈரத்துணி காய்கிறது. மீன்துறையிலிருந்தும் பதில் வந்துவிட்டது. தட்டைப்புழுவாம். கூடையைத் தூக்கி நல்ல தண்ணியில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் செத்து விழுமாம். ஊறவைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது உன் அண்ணன் தழும்புக்கு வருகிறேன்.

கப்பலும் இல்லை, கொக்கியும் இல்லை. கல்யாணமான முதல் வருஷம், நான் சுரண்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து என் காற்றுக் குழாயை விளையாட்டுக்குக் கிள்ளினார். மேலே வந்ததும் கையில் இருந்த சிப்பி ஓட்டை எறிந்தேன். விளையாட்டுக்குத்தான். குறி தப்பும் என்று நினைத்தேன், தப்பவில்லை. அந்தக் காலத்தில் கண் நன்றாகத் தெரிந்தது. நாலு தையல். உங்கள் வீட்டில் என் பெயர் கெட்டுப்போகக் கூடாது என்று கொக்கி என்று சொல்லிவிட்டார். கடைசிவரைக்கும் அப்படியே சொன்னார். என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வாயைத் திறக்காமல் புருவத்தைத் தொட்டுக் காட்டுவார். எங்களுக்குள் அதுதான் சண்டை, அதுதான் சமாதானம்.

நீ அதைத் துடைத்துக் கொண்டுவந்து மாட்டியதும், அவர் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவேனோ என்று பயம். எனக்கு அழ வராது, கிண்டல்தான் வரும். வந்தது. நீ சாப்பிடாமல் போனது தெரியும். உன் தட்டை நான்தான் எடுத்துவைத்தேன்.

என் கை போட்ட கோடு, அது சிப்பியில் இருந்தாலும் சரி, அவர் முகத்தில் இருந்தாலும் சரி, இருக்கட்டும்.

நடு ஜோடி லென்ஸ் இன்னொன்று அனுப்பு. விசிலுக்கு. தனக்கென்று சொல்லவில்லை, "ஸ்பேர் ஒண்ணு இருக்கட்டும்" என்கிறார்.

உன் அண்ணி


மே 5

அண்ணிக்கு,

லென்ஸ் வைத்திருக்கிறேன்.

அண்ணன் படத்தின் மூலத்தை நான் அழிக்கவில்லை, அதில் தழும்பு அப்படியேதான் இருந்தது. அதே அளவில் பிரதி போட்டு, வளையாமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். பழைய சட்டத்திலேயே பொருந்தும். முகமூடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பாருங்கள். நாலு தையலும் தெரியும், எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. என் நம்பர் மாறவில்லை.